போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பேம்டி: ஒரே சர்வரில் மூன்றையும் எப்படி இணைப்பது?

கேள்வி: மெயில் சேவைக்காக டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஆர்ஸ்பேம்டி மூன்றையும் நிறுவிவிட்டேன். மூன்றும் பிழை காட்டாமல் ஓடுகின்றன. வெளியிலிருந்து மெயில் அனுப்பிப் பார்த்தால் லாகில் 'சென்ட்' என்று வருகிறது, ஆனால் இன்பாக்ஸ் காலி. போனிலிருந்து அனுப்ப முயன்றால் 'ரிலே அக்சஸ் டினைட்' என்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: உங்களுடைய இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். மூன்று புரோகிராமும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கின்றன. தங்களுக்குள் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் அந்த மெஷினில் தான் மட்டுமே இருப்பதுபோல் தன் இயல்பான அமைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறது. யூசர் யார், அவர் பாஸ்வேர்ட் சரியா, அவருடைய மெயில்பாக்ஸ் எங்கே என்ற கேள்விகளுக்கு இரண்டு புரோகிராம்கள் தனித்தனியே பதில் வைத்திருந்தால், ஒரே கடைக்கு இரண்டு பேர் கணக்கு நோட்டு எழுதுவதுபோல், என்றாவது ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போகாமல் நிற்கும். ஆகவே நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே விதியிலிருந்து வருவது: ஒரு கேள்விக்கு ஒரே இடத்தில்தான் பதில் இருக்க வேண்டும். யூசர், பாஸ்வேர்ட், மெயில்பாக்ஸ் மூன்றும் டவ்காட்டின் பொறுப்பு. வாங்குவது, வரிசையில் வைப்பது, அனுப்புவது போஸ்ட்ஃபிக்ஸின் பொறுப்பு. நல்லதா குப்பையா என்று தீர்மானிப்பதும் டிகிம் கையெழுத்திடுவதும் (மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கான டிஜிட்டல் சான்று) ஆர்ஸ்பேம்டியின் பொறுப்பு.

இப்படி வேலையைப் பிரித்துக்கொள்வது இந்தப் புரோகிராம்களின் இயல்புக்கும் பொருந்தும். ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது வீட்ஸ வெனிமா எழுதி 1998-இல் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ், ஒரு பெரிய புரோகிராமாக இல்லாமல் சிறு சிறு செயலிகளின் கூட்டமாகவே கட்டப்பட்டது. மெயில்பாக்ஸைப் போனிலிருந்தும் கணினியிலிருந்தும் படிக்க உதவும் ஐமேப் சேவை அதில் இல்லை. டிமோ சிரைனன் 2002-இல் வெளியிட்ட டவ்காட்டின் பலமே மெயில்பாக்ஸைக் கையாள்வதுதான். ஆர்ஸ்பேம்டி பேசும் மில்டர் நெறிமுறை, அதாவது மெயிலைச் சோதிக்க வேறொரு புரோகிராமிடம் காட்டும் முறை, சென்ட்மெயில் என்ற பழைய மெயில் புரோகிராமின் காலத்தது; பிறகு போஸ்ட்ஃபிக்ஸும் அதை ஏற்றுக்கொண்டது. மற்றவற்றோடு சேர்ந்து வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்ட வாசல்கள் இவற்றில் உண்டு. அந்த வாசல்களை மட்டும் சரியாகத் திறந்தால் போதும்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். கீழே அமைப்புப் பெயர்களைத் தனித்தனிச் சொற்களாக எழுதியிருக்கிறேன்; கோப்பில் எழுதும்போது சொற்களுக்கு இடையில் அடிக்கோடு வரும். அடுத்தது, உங்கள் டவ்காட்டின் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டெபியன் 12-இல் இருப்பது 2.3 வரிசை, டெபியன் 13-இல் 2.4 வரிசை. 2025-இல் வந்த 2.4-இல் அமைப்புக் கோப்பின் இலக்கணமே மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் எங்கும் காணப்படும் 'மெயில் லொகேஷன்' என்ற ஒற்றை வரி இப்போது 'மெயில் டிரைவர்', 'மெயில் பாத்' என்று பிரிந்திருக்கிறது. 2.3-க்கு எழுதியதை 2.4-இல் ஒட்டினால் டவ்காட் எழும்பவே எழும்பாது. நீங்கள் படிக்கும் வழிகாட்டி எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

இனி காலி இன்பாக்ஸ். லாகில் 'ஸ்டேட்டஸ்=சென்ட்' என்பதோடு நின்றுவிடாதீர்கள்; அதே வரியில் அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் முக்கியம். 'டெலிவர்ட் டு மெயில்டிர்' என்றிருந்தால், போஸ்ட்ஃபிக்ஸே யூசரின் ஹோம் அடைவில் மெயில்டிர் வடிவில் எழுதிவிட்டது. 'டெலிவர்ட் டு மெயில்பாக்ஸ்' என்றிருந்தால், வார் அடைவுக்குள் இருக்கும் மெயில் அடைவில் யூசர் பெயரில் ஒரே நீளக் கோப்பாக, அதாவது எம்பாக்ஸ் வடிவில் எழுதியது. டெபியனின் டவ்காட் பேக்கேஜ் இயல்பாகத் தேடுவது இந்த எம்பாக்ஸைத்தான். ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து போஸ்ட்ஃபிக்ஸில் மட்டும் 'ஹோம் மெயில்பாக்ஸ்' வரியை மெயில்டிர் என்று மாற்றியிருந்தால், மெயில் ஓரிடம் போகும், டவ்காட் வேறிடம் பார்க்கும். உங்கள் மெயில் தொலையவில்லை. ஹோம் அடைவின் மெயில்டிருக்குள் 'நியூ' என்ற அடைவைத் திறந்து பாருங்கள், அத்தனையும் அங்கே இருக்கும்.

இரண்டு பக்கத்திலும் ஒரே பாதையை எழுதிவிட்டால் இப்போதைக்குச் சரியாகிவிடும்தான். ஆனால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மெயில்பாக்ஸில் எழுதும் உரிமையை போஸ்ட்ஃபிக்ஸிடமிருந்து முழுக்க எடுத்து டவ்காட்டிடம் கொடுங்கள். அதற்கான வழி எல்எம்டிபி, அதாவது மெயிலை மெயில்பாக்ஸ் புரோகிராமிடம் ஒப்படைக்கும் நெறிமுறை. போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை டவ்காட்டிடம் நீட்டும், டவ்காட் தனக்குத் தெரிந்த இடத்தில் எழுதிக்கொள்ளும். அப்போது பாதை ஒரே ஒரு கோப்பில்தான் இருக்கும். தவிர, டவ்காட் தானே எழுதும்போது தன் இன்டெக்ஸையும் உடனே புதுப்பித்துக்கொள்கிறது, குவோட்டாவை (பெட்டியின் இட வரம்பை) கணக்கிடுகிறது, மெயிலைப் பிரித்துப் போடும் சீவ் வடிகட்டிகளை ஓட்டுகிறது. எல்எம்டிபியில் இன்னொரு நன்மை: ஒரே மெயில் ஐந்து பேருக்கு என்றால், ஐந்து பேருக்கும் தனித்தனிப் பதில் வரும். ஒருவரின் பெட்டி நிரம்பியிருந்தாலும் மற்ற நால்வருக்கும் தடையில்லாமல் போய்ச் சேரும்.

இதற்கு டெபியனில் 'டவ்காட்-எல்எம்டிபிடி' பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டும். டவ்காட்டின் எல்எம்டிபி சேவைக்கு ஒரு யூனிக்ஸ் சாக்கெட் (இரண்டு புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் கோப்பு வடிவ வாசல்) அமையுங்கள். அது போஸ்ட்ஃபிக்ஸ் தன் மெயில் வரிசையை வைக்கும் ஸ்பூல் அடைவுக்குள், 'பிரைவேட்' என்ற உள்ளடைவில், 'டவ்காட்-எல்எம்டிபி' என்ற பெயரில் இருக்கட்டும். உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0600. போஸ்ட்ஃபிக்ஸ் பக்கத்தில் அதே சாக்கெட்டைக் குறிக்கும்போது முழுப்பாதை வேண்டாம். 'பிரைவேட்/டவ்காட்-எல்எம்டிபி' என்று மட்டும் எழுதுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் செயலிகள் ஸ்பூல் அடைவை மையமாக வைத்தே இயங்குகின்றன. க்ரூட் கூண்டுக்குள் ஓடும் செயலிக்கு அதற்கு வெளியே இருக்கும் எதுவும் தெரியாது. இந்தச் சிறிய பாதை கூண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்யும்.

எந்த வரியில் எழுதுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சர்வரின் லினக்ஸ் யூசர்களுக்கே மெயில் என்றால் டொமைன் 'மைடெஸ்டினேஷன்' பட்டியலில் இருக்கும், சாக்கெட் 'மெயில்பாக்ஸ் டிரான்ஸ்போர்ட்' வரியில் வரும். லினக்ஸ் கணக்கே இல்லாத மெயில் யூசர்கள் என்றால் டொமைன் 'வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்' வரியில், சாக்கெட் 'வர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட்' வரியில். ஒரே டொமைனை இரண்டிலும் எழுதக் கூடாது. எழுதினால் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் எச்சரிக்கும், ஆனால் நிற்காது. எச்சரிக்கை கண்ணில் படாமல் போக, மெயில்கள் வேறு வழியில் போய்க்கொண்டிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட டொமைன் வரும் வாய்ப்பு கொஞ்சமாவது இருந்தால் இரண்டாவது வகைக்கே போய்விடுங்கள். எல்லா மெயிலும் 'விமெயில்' போன்ற ஒரே ஒரு லினக்ஸ் யூசரின் பெயரில், டொமைன் வாரியாக, ஒரே இடத்தில் இருக்கும். பேக்கப் எடுக்கவும், வேறு சர்வருக்கு மாற்றவும் அதுவே எளிது.

லினக்ஸ் யூசர்களோடே இருப்பதென்றால் ஒரு பொறி காத்திருக்கிறது. எல்எம்டிபி வழியாக முழு மெயில் முகவரி டவ்காட்டுக்குப் போகும். ஆனால் லினக்ஸ் யூசர் பட்டியலில் '@' குறிக்கு முன்னால் உள்ள பெயர் மட்டும்தான் இருக்கிறது. அப்படியொரு யூசரே இல்லை என்று 550 5.1.1 பதிலோடு மெயில் திரும்பும். 'ஆத் யூசர்நேம் ஃபார்மட்' என்ற டவ்காட் வரியில், முகவரியின் பெயர்ப் பகுதியை மட்டும், சிற்றெழுத்தாக்கி எடுத்துக்கொள்ளும்படி சொன்னால் தீர்ந்துவிடும்.

வர்ச்சுவல் வகையில் வேறொரு கவலை. இல்லாத முகவரிக்கு வரும் மெயிலை வாசலிலேயே மறுக்க வேண்டுமானால், யார் யார் இருக்கிறார்கள் என்பது போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரிய வேண்டும். 'வர்ச்சுவல் மெயில்பாக்ஸ் மேப்ஸ்' காலியாக இருந்தால் அந்த டொமைனின் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும். பிறகு டவ்காட் மறுக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்பியவருக்குத் திருப்பும். ஸ்பேமில் அனுப்பியவர் முகவரி பெரும்பாலும் போலி. ஆக, சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருக்கு உங்கள் சர்வர் குப்பை அனுப்பத் தொடங்கும், உங்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறும். டேட்டாபேஸில் யூசர்களை வைத்திருந்தால் இரண்டு புரோகிராமும் அதே அட்டவணையைப் படிக்கட்டும். கோப்பில் வைத்திருந்தால் எனக்குப் பிடித்த வழி 'ரிஜெக்ட் அன்வெரிஃபைட் ரெசிபியன்ட்'. இது ஒவ்வொரு புது முகவரியையும் எல்எம்டிபி வழியே டவ்காட்டிடமே கேட்டு, பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். யூசர் பட்டியல் ஒரே இடத்தில் இருந்துவிடும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். 'ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன்' (மற்ற டொமைன்களுக்கான மெயிலை மறுக்கும் விதி) என்பதற்குப் பிறகே இதை எழுத வேண்டும். இல்லையென்றால் ஊரில் உள்ள சர்வர்களையெல்லாம் தட்டிக் கேட்கப் போகும். மறுக்கும் எண் இயல்பாக 450, அதாவது 'பிறகு வா' என்ற பதில். சோதித்துத் திருப்தியானதும் அதை 550 ஆக்குங்கள்.

போனிலிருந்து அனுப்பும் பிரச்சினைக்கு வருவோம். 'ரிலே அக்சஸ் டினைட்' என்பது போஸ்ட்ஃபிக்ஸ் தன் கடமையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். முன்பின் தெரியாத ஐபியிலிருந்து வந்த ஒருவர், வேறொரு டொமைனுக்கு மெயில் அனுப்பச் சொல்கிறார், அது மறுக்கிறது. அதற்கு உங்களை அடையாளம் தெரிய வேண்டும். இங்கே பலர் செய்வது, லாகின் இல்லாமலே நம்பப்படும் ஐபிகளைச் சொல்லும் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் ஐபி வரம்பைக் கூட்டிக்கொண்டே போவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். போனின் ஐபி மாறிக்கொண்டே இருக்கும். அகலத் திறந்துவிட்டால் சர்வர் யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்பிக்கொள்ளும் ஓப்பன் ரிலே ஆகிவிடும். அங்கே இருக்க வேண்டியது சர்வர் தன்னோடு தானே பேசும் லூப்பேக் முகவரி மட்டும். டாக்கருக்குள் மெயில் சர்வரை வைத்திருப்பவர்கள் இரட்டிப்பு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: சில அமைப்புகளில் வெளியுலக இணைப்புகள் எல்லாம் டாக்கரின் கேட்வே முகவரியிலிருந்து வருவதுபோல் தெரியும். 172-இல் தொடங்கும் அந்த வரம்பை மைநெட்வொர்க்ஸில் சேர்த்தால் உலகம் முழுவதையும் சேர்த்ததாகிவிடும்.

சரியான வழி, பாஸ்வேர்ட் கேட்கும் வேலையையும் டவ்காட்டிடம் விடுவது. போஸ்ட்ஃபிக்ஸில் 'எஸ்எம்டிபிடி சாஸல் டைப்' வரியில் டவ்காட் என்றும், 'எஸ்எம்டிபிடி சாஸல் பாத்' வரியில் 'பிரைவேட்/ஆத்' என்றும் எழுதுங்கள். டவ்காட்டின் ஆத் சேவையில் அதே இடத்தில் இன்னொரு சாக்கெட், உரிமையாளரும் குழுவும் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0660. பிறகு மாஸ்டர்.சிஎஃப் கோப்பில் குறிப்பாக மட்டும் கிடக்கும் 'சப்மிஷன்' பகுதியை உயிர்ப்பியுங்கள். 587-ஆம் போர்ட்டில் ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைந்தபின் மறையாக்கம் தொடங்குவது), 465-இல் தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் மறையாக்கம். முடிந்தால் இரண்டாவதையே பயன்படுத்துங்கள். சாஸல் (லாகின்) அனுமதியை இந்த இரண்டு போர்ட்டில் மட்டும் கொடுங்கள். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசும் வாசல். அங்கே பாஸ்வேர்டுக்கு வேலையில்லை, வைத்தால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பவர்கள்தான் நாள் முழுக்க வருவார்கள். ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயில் அதே மெஷினில் இருந்தாலும் 25 வழியாக அனுப்ப விடாமல் 587 அல்லது 465-இல் லாகின் செய்தே அனுப்பச் செய்யுங்கள். எந்த மெயிலை எந்த யூசர் அனுப்பினார் என்பது அப்போதுதான் லாகில் இருக்கும்.

இந்தச் சாக்கெட்டுகளில் வரும் பிழை மூன்றே வகை. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்றால் சாக்கெட் வேறிடத்தில் இருக்கிறது, அல்லது டவ்காட் அதை உருவாக்கவே இல்லை. 'பெர்மிஷன் டினைட்' என்றால் உரிமையாளர் அல்லது அனுமதி எண் தவறு. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்றால் சாக்கெட் கோப்பு கிடக்கிறது, மறுபக்கம் கேட்க ஆளில்லை, டவ்காட் நின்றிருக்கும். கோப்புகளை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பதற்கு முன் லாகில் இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பாருங்கள்.

ஆர்ஸ்பேம்டியை இணைப்பது இவற்றைவிட எளிது. 'எஸ்எம்டிபிடி மில்டர்ஸ்' வரியில் லூப்பேக் முகவரியும் 11332 என்ற போர்ட்டும். ஆர்ஸ்பேம்டி அடுத்தடுத்து மூன்று போர்ட்களைப் பயன்படுத்துவதால் குழப்பம் வரும்: 11332 மில்டருக்கு, 11333 நேரடி ஸ்கேனுக்கு, 11334 நிர்வாகப் பக்கத்துக்கு. கடைசியதை வெளியுலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். ரெடிஸ் டேட்டாபேஸையும் நிறுவுங்கள், பேய்ஸ் கற்றல் (பழைய மெயில்களிலிருந்து ஸ்பேமை அறியக் கற்பது), கிரேலிஸ்ட் (சந்தேக மெயிலைத் தற்காலிகமாகத் தள்ளிப்போடுவது) போன்றவை அதில்தான் தங்குகின்றன.

'நான் எஸ்எம்டிபிடி மில்டர்ஸ்' என்ற வரியும் உண்டு. சர்வருக்குள்ளேயே சென்ட்மெயில் கட்டளை வழியாகப் பிறக்கும் மெயில்கள், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானின் அறிக்கைகளும் இணையதளப் படிவங்களும், எஸ்எம்டிபி வாசல் வழியே வருவதில்லை. இந்த வரியை விட்டுவிட்டால் அவற்றுக்கு டிகிம் கையெழுத்து விழாது. போனிலிருந்து அனுப்பியது போய்ச் சேரும், இணையதளம் அனுப்பியது ஸ்பேமில் விழும், ஏன் என்று புரியாது. ஆர்ஸ்பேம்டி கையெழுத்திடுகிறதென்றால் ஓப்பன்டிகிம் என்ற கையெழுத்துப் புரோகிராமைத் தனியாக ஓட்டவும் வேண்டாம்.

ஆர்ஸ்பேம்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பதை 'மில்டர் டிஃபால்ட் ஆக்ஷன்' தீர்மானிக்கிறது. இயல்பு 'டெம்ப்ஃபெயில்': வரும் மெயில்களை 'பிறகு வா' என்று 451 சொல்லித் திருப்பும். பல வழிகாட்டிகள் இதை 'அக்செப்ட்' ஆக்கச் சொல்கின்றன. நான் இயல்பையே வைத்திருப்பேன். மறுபக்கச் சர்வர் மீண்டும் முயலும், மெயில் தாமதமாகுமே தவிரத் தொலையாது. அக்செப்ட் வைத்தால் வடிகட்டாத ஸ்பேம் உள்ளே வரும், கையெழுத்தில்லாத மெயில் வெளியே போகும். கோளாறு இருப்பதே பல நாள் தெரியாமல் போகலாம்.

பழைய சர்வர்களில் ஆர்ஸ்பேம்டிக்குப் பதில் அமாவிஸ் என்ற வடிகட்டி இருக்கும். அது வரிசைக்குள் சென்ற மெயிலை 10024-இல் வாங்கி 10025 வழியே போஸ்ட்ஃபிக்ஸிடம் திருப்பித் தரும். திரும்பி வரும் வாசலில் 'கன்டென்ட் ஃபில்டர்' வரியைக் காலியாக்காவிட்டால் மெயில் சுற்றிக்கொண்டே இருக்கும். அலியாஸ் விரிவாக்கத்தையும் (ஒரு முகவரியை அது குறிக்கும் வேறு முகவரிகளாக மாற்றுவது) இரண்டு வாசலில் ஒன்றில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மெயில் இரண்டு பிரதியாக வந்து விழும். புதிதாகக் கட்டுபவர்களுக்கு அந்த வழி தேவையில்லை.

ஸ்பேம் என்று ஆர்ஸ்பேம்டி முத்திரை குத்துவது வேறு, அது ஜங்க் ஃபோல்டருக்குப் போவது வேறு. இயல்பான அளவுகளில், மதிப்பெண் 6 தாண்டினால் தலைப்பு வரி சேர்க்கும், 15 தாண்டினால் மறுக்கும். தலைப்பு வரியைப் பார்த்து மெயிலை நகர்த்துவது டவ்காட்டின் சீவ். 'டவ்காட்-சீவ்' பேக்கேஜை நிறுவி, எல்எம்டிபி நெறிமுறைப் பகுதியில் சீவ் பிளக்இன்னைச் சேர்த்து, எல்லோருக்கும் பொதுவான ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். அந்த ஸ்கிரிப்டை 'சீவ்சி' கட்டளையால் நீங்களே முன்கூட்டி கம்பைல் செய்யுங்கள். பொது அடைவில் எழுத மெயில் யூசருக்கு அனுமதி இராது.

அளவு வரம்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதையும் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 10240000 பைட், ஏறத்தாழ 10 எம்பி. மெயிலோடு இணைக்கும் கோப்புகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவுக்கு மாறும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருகும், ஆகவே 8 எம்பி பிடிஎஃப் கூடத் தடுக்கப்படும். 25 எம்பி இணைப்பு போக வேண்டுமென்றால் வரம்பு 35 எம்பி அளவுக்கு வேண்டும். வெப்மெயில் இருந்தால் பிஹெச்பியின் அப்லோட் வரம்பையும் கூட்ட வேண்டும்.

சான்றிதழ் இரண்டு புரோகிராமுக்கும் ஒன்றே போதும். டவ்காட் 2.3-இல் சான்றிதழ்ப் பாதைக்கு முன்னால் '<' குறி வேண்டும், 2.4-இல் அது இல்லை, வரியின் பெயரும் மாறிவிட்டது. லெட்ஸ் என்க்ரிப்ட் புதுப்பித்ததும் இரண்டையும் ரீலோட் செய்யும் சிறு ஸ்கிரிப்டை செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்காக வையுங்கள். இதை மறந்தால் டிஸ்க்கில் புதுச் சான்றிதழ் இருக்க, டவ்காட் காலாவதியானதையே காட்டிக்கொண்டிருக்கும்.

சோதிப்பதை அடியிலிருந்து தொடங்குங்கள். முதலில் 'டவ்அட்ம் ஆத் டெஸ்ட்': பாஸ்வேர்டை டவ்காட் ஏற்கிறதா? அடுத்து 'டவ்அட்ம் யூசர்': மெயில் அடைவு எங்கே என்று சொல்கிறது? இரண்டும் சரியானபின் சர்வருக்குள்ளிருந்தே ஒரு மெயில். லாகில் 'சேவ்ட்' என்ற சொல் வந்தால் எல்எம்டிபி சரி. பிறகு 'ஸ்வாக்ஸ்' என்ற மெயில் சோதனைக் கட்டளையால் 587-இல் லாகின் செய்து ஒன்று. இந்த நான்கும் தேறிய பிறகு போனைக் கையில் எடுங்கள். போனிலிருந்து தொடங்கினால் எந்தக் கட்டத்தில் அடைப்பு என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 'போஸ்ட்கான்ஃப் -என்', 'டவ்கான்ஃப் -என்' இரண்டையும் ஓட்டி, இயல்பிலிருந்து நீங்கள் மாற்றியவை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியாக, வெளி நெட்வொர்க்கில் உள்ள ஒரு மெஷினிலிருந்து 25-ஐத் தொடர்புகொண்டு, லாகின் இல்லாமல் வேறொரு டொமைனுக்கு அனுப்ப முயலுங்கள். 554 அல்லது 454 என்ற மறுப்பு வந்தே ஆக வேண்டும். மெயில் போய்விட்டால் அந்த நிமிடமே போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்திவிட்டு 'எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' வரியைத் திருத்துங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வெளியே போகும் மெயில் மட்டும் வரிசையில் தேங்கி, லாகில் 'கனெக்ஷன் டைம்ட் அவுட்' என்று வந்தால், அது உங்கள் அமைப்புக் கோளாறு அல்ல. கிளவுட் நிறுவனங்கள் பல வெளியே செல்லும் 25-ஆம் போர்ட்டை இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. திறக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவில் உங்கள் சர்வரின் பெயரையே வைக்கும்படி அப்போதே சேர்த்துக் கேளுங்கள். திறக்க மறுத்தால் 'ரிலேஹோஸ்ட்' வரியில் வேறொரு மெயில் சேவையின் சர்வரை 587 போர்ட்டோடு எழுதி, வெளியே போவதை மட்டும் அதன் வழியாக அனுப்பலாம். அப்படிச் செய்தால், உங்கள் டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அந்தச் சேவையையும் சேர்க்க வேண்டும்.